கபாப் மசாலா பாக்கெட்: தூள் சரி, செய்முறைதான் அரைகுறை

டாக்காவில் ஒரு கல்யாணப் பந்தியிலாவது உட்கார்ந்தவர்களுக்கு ஜாலி கபாபை, அதாவது முட்டை வலை போர்த்திப் பொரித்த கறி வடையை, அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பொலாவ், கோழி ரோஸ்ட், ரெஜாலா (தயிர் சேர்த்த கறிக் குழம்பு), போர்ஹானி (மசாலா மோர்) என்று வரும் வரிசையில் ஓரமாக ஒன்றே ஒன்று வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இன்னொன்று கேட்கக் கூச்சமாக இருக்கும். வீட்டிலேயே செய்துகொள்ளலாமே என்று உத்தராவில் எங்கள் தெருமுனைக் கடையில் கபாப் மசாலா வாங்கினேன். உள்ளூர்த் தயாரிப்பு, 50 கிராம், 65 டக்கா. குறையும் சொல்லப் போவதால் கம்பெனி பெயர் வேண்டாம்.

தூள் நல்ல தூள்தான். பிரித்ததும் ஜாதிபத்திரி வாசனை முன்னால் வந்து நிற்கிறது. மிளகாயை அள்ளிக் கொட்டி நிறம் ஏற்றவில்லை. ஆனால் பட்டியலில் வால்மிளகைக் காணோம். இந்த ஊரில் அதற்குப் பெயரே கபாப் சீனி, அதை விட்டுவிட்டு என்ன கபாப் மசாலா? நான் கொஞ்சம் தனியாக வாங்கி, ஒன்றிரண்டாக இடித்துச் சேர்த்துக்கொள்கிறேன்.

அடுத்தது உப்பு. கிலோ கறிக்கு முழுப் பாக்கெட் என்று போட்டிருக்கிறார்கள். அப்படியே போட்டால் கரிக்கும், ஏனென்றால் தூளில் இருக்கும் உப்பு போக, கறியோடு பிசைய ஊறவைக்கும் ரொட்டியிலும் தக்காளி சாஸிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. முக்கால் பாக்கெட் போதும், தனி உப்பு வேண்டவே வேண்டாம். பிசைந்ததும் சுண்டைக்காய் அளவு கிள்ளிப் பொரித்து வாயில் போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பெரிய குறை பின்பக்கத்துச் செய்முறையில். ‘முட்டையில் தோய்த்துப் பொரிக்கவும்’, அவ்வளவுதான். மேலே வலை எப்படிப் பின்னுகிறது என்று ஒரு வார்த்தை இல்லை. ஜாலி என்றாலே வலைதான், கபாபுக்கே பெயர் அதனால்தான் வந்தது!

எண்ணெய் நல்ல சூட்டில் இருந்தால்தான் முட்டை நூல் நூலாகப் பொரிந்து படரும். ஆனால் உள்ளே இருப்பது பச்சைக் கறி, அதற்கு நிதானமான தீ வேண்டும். ஷாமி கபாபில் இந்தத் தொல்லை இல்லை, கறியைக் கடலைப்பருப்போடு வேகவைத்து அரைத்துவிடுகிறோம். இதற்கு வழி, வடையை மெலிதாகத் தட்டுவதுதான், விரல் தடிமனுக்கு மேல் போகக்கூடாது. ரஸ்க் தூளில் புரட்டி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் உடையாது. முட்டையை நுரை வர அடித்து, வடையை முக்கி, வழிய வழியவே எண்ணெயில் விட வேண்டும். உடனே ஓரமெல்லாம் நுரைத்துக் கிளம்பும். அப்போது விரல்களை முட்டையில் நனைத்து மேலே உதறினால் துளித்துளியாக விழுந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பின்னியதும் தீயைக் குறைத்து ஒரே ஒருமுறை திருப்பினால் போதும். கறி வெந்துவிடும், வலையும் கருகாது. சட்டி நிறையப் போடாதீர்கள், வலைகள் ஒட்டிக்கொண்டு ஆம்லெட் ஆகிவிடும். முட்டைத் துணுக்குகள் கருகும் என்பதால் நடுநடுவே எண்ணெயை அரித்தெடுக்கவும் வேண்டும்.

கறியைப் பற்றி மசாலாக் கம்பெனி சொல்லாதது இன்னொன்று: ஈரம் ஆகாது. கடையில் இரண்டு முறை அரைத்துத் தரச் சொல்லுங்கள், கழுவினால் ஒட்டப் பிழியுங்கள். பொரித்த வெங்காயத்தை நொறுக்கிப் போட்டால் இனிப்பும் வரும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். புதினா, பச்சை மிளகாய் உங்கள் விருப்பம். எங்கள் வீட்டில் புதினா தூக்கலாக இருக்க வேண்டும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், அதில் மூன்று தூளுக்கு. பொலாவுக்குச் சினிகுரா அரிசி வாங்கிக்கொள்ளுங்கள், சீரகச் சம்பா மாதிரிப் பொடி அரிசி, இதற்குச் சரியான ஜோடி. மிச்சமாகும் கால் பாக்கெட்டை நான் மறுநாள் முட்டைக் குழம்பில் போட்டுவிடுகிறேன்.