மலேசியாவின் பட்டர்வொர்த் பக்கம் ஓர் அரசு கிளினிக்: மருந்து கவுண்டர் எப்படி?

காசைப் பற்றிப் பேச்சே இல்லை. குடிமக்களுக்கு 1 ரிங்கிட், அதிலேயே மருந்தும் அடக்கம். மருந்தாளர்கள் பொறுமைசாலிகள். குறை, மருந்து உறையில்தான்.

இனிப்பு நீருக்கான (நீரிழிவு) மெட்ஃபோர்மின் 500 மி.கி. மாத்திரை உறையில் மலாயில் '2 பிஜி, 2 காலி செஹாரி, செலெப்பாஸ் மாக்கான்' என்றிருக்கும். அதாவது வேளைக்கு 2 மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, மொத்தம் 4, சாப்பிட்ட பிறகு. எண்ணை மட்டும் படிக்கும் தோட்டத்துப் பாட்டி காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பாதி அளவோடு நிறுத்திக்கொள்வார். பசியாறாமல் வெறும் வயிற்றில் போட்டால் வயிறு கலங்கும். அதோடு மருந்தையே விட்டுவிடுவார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு எது காலை, எது இரவு? அதை யாரும் கேட்பதில்லை.

2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்குச் சுகாதார விவரங்களைப் புரிந்து பயன்படுத்தும் திறன் குறைவு. படிப்பு, வயது, வருமானம் எல்லாம் இதில் சேர்ந்தே வரும்.

இன்சுலின் பேனா சொல்லித்தரும் தனி அறைக்கு முழு மதிப்பெண். முதலில் 2 யூனிட் வெளியே தள்ளி ஊசியைச் சோதிக்கணும், குத்திய பின் பத்து எண்ணும்வரை எடுக்கக்கூடாது. இரண்டையும் உங்களையே செய்துகாட்டச் சொல்கிறார்கள். கவுண்டரில் அது கிடையாது, 'பாஹாம்?' (புரிந்ததா?) என்றதும் எல்லோரும் தலையாட்டிவிடுகிறார்கள்.

போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் கொண்டுபோங்கள். உறையில் சூரியன், நிலா வரைந்துதரச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் செய்கிறார்கள்.