பச்சை விளக்கு எரிகிறது, மெத்தை வேலை செய்யவில்லை: காற்று மெத்தையோடு நீண்ட நாள் அனுபவம்

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் படுக்கைப்புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தை எங்கள் வீட்டில் இருக்கிறது. அதன் பம்ப் பழுது நீங்கித் திரும்பி வந்திருக்கிறது. அதே நேரம் பார்த்துத் தோழி ஒருத்தி கேட்கிறாள்: மாமியாரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வரப்போகிறோம், இந்த மெத்தையை வாங்கலாமா? ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் பொறுமை எனக்கு இப்போது இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

குமிழ் வகையா, குழல் வகையா, எத்தனை கிலோ தாங்கும் என்பதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கிறது. எங்களிடம் இருப்பது குமிழ் வகை. பக்கவாதம் வந்தபின் அப்பாவால் தானாகப் புரண்டு படுக்க முடியவில்லை என்பதால் வாங்கியது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் விட்டுப்போய்விடும். மெத்தை வருவதற்கு முன்பே அப்பாவின் முதுகுக்கடியில், இடுப்பெலும்பு துருத்தும் இடத்தில், தோல் நிறம் மாறியிருந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும், வெளுக்காவிட்டால் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை என்பார்கள். அப்பாவுக்குக் கருத்த தேகம். அந்தச் சோதனை அவரிடம் சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கூடுதலாகக் கருத்திருந்தது. தொட்டால் சூடாகவும் கொஞ்சம் கெட்டியாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்த செவிலியர்தான் புறங்கையை வைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். மெத்தை வந்தபின் அந்தச் சூடு அடங்கியது, கருமை மங்கியது, புண்ணாக மாறாமலே போய்விட்டது. புரட்டிப் படுக்கவைத்ததற்கும், ஈரம் தங்காமல் துடைத்ததற்கும், பூசிய களிம்புக்கும் அதில் பங்குண்டு. ஆனாலும் மெத்தை இல்லாமல் இது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இனி என் வயிற்றெரிச்சல். பம்பின் முகப்பில் ஒரு பச்சை விளக்கு இருக்கிறது. அது எரிந்தால் மெத்தை வேலை செய்கிறது என்றுதானே நினைப்போம்? மின்சாரம் வருகிறது என்பதைத் தவிர அந்த விளக்குக்கு வேறெதுவும் தெரியாது.

இந்த மெத்தையின் சூட்சுமமே மாற்றி மாற்றி ஊதுவதில்தான் இருக்கிறது. ஒரு வரிசைக் குமிழ்கள் நிறையும்போது அடுத்த வரிசை தளரும். சுமார் 10 நிமிடத்தில் அது அப்படியே தலைகீழாகும். உடம்பின் பாரம் ஒரே இடத்தில் நிலைத்து நின்று இரத்த ஓட்டத்தை நசுக்காமலிருக்க இந்த ஏற்பாடு. மெக்கானிக் பம்பைத் திறந்தபோது பக்கத்திலிருந்து பார்த்தேன். காற்றை அடிப்பது மின்காந்தத்தால் அதிரும் ஒரு ரப்பர் சவ்வு. அந்தக் காற்றை இந்தக் குழாய்க்கும் அந்தக் குழாய்க்கும் மாற்றி அனுப்புவது துளையிட்ட ஒரு சிறு வட்டு. அந்த வட்டைச் சுழற்றத் தனியாக ஒரு குட்டி மோட்டார். எங்கள் வீட்டில் நின்றுபோனது அந்தக் குட்டி மோட்டார்தான்.

சவ்வு அதிர்ந்துகொண்டே இருந்தது, உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது, பச்சை விளக்கும் எரிந்துகொண்டே இருந்தது. மெத்தையில் மட்டும் ஒரு வரிசை கல்லாக நிறைந்தும் அடுத்த வரிசை தொய்ந்தும் அப்படியே நின்றுவிட்டன. இரவு முழுவதும் அதே மேடுகளின் மீதுதான் அப்பா படுத்திருந்தார். காலையில் முதுகைத் துடைக்கும்போது குமிழ்களின் அச்சு வரிசையாகத் தெரிந்தது. நல்லவேளை, மாலைக்குள் மறைந்துவிட்டது. சவ்வு கிழிந்திருந்தால் மெத்தை மொத்தமாகத் தளர்ந்திருக்கும், யாரும் உடனே கண்டுபிடித்துவிடலாம். இந்தப் பழுது சத்தம் காட்டாமல் இருந்துவிட்டது. காற்று குறைந்தால் ஒலிக்கும் அலாரம் விலை கூடிய பம்புகளில் உண்டு. ஆனால் எங்கள் பழுதில் காற்று குறையவே இல்லையே, அந்த அலாரத்தால் என்ன பயன்? மாறவேண்டியது மாறுகிறதா என்று பார்க்க ஓர் உணரி வைப்பது அவ்வளவு பெரிய வித்தையா?

ஆகவே விளக்கை நம்புவதை விட்டுவிட்டேன். ஒரு குமிழைத் தொட்டுப் பார்ப்பேன். கால் மணி நேரம் கழித்து அதே குமிழை மறுபடியும் தொட்டுப் பார்ப்பேன். பிறகு, காற்று மெத்தைக்கும் கீழே இருக்கும் பஞ்சு மெத்தைக்கும் இடையே, அப்பாவின் இடுப்புக்கு நேராகக் கையை நுழைப்பேன். எலும்பு கையில் இடித்தால் காற்று போதவில்லை. 2 அல்லது 3 சென்டிமீட்டராவது காற்று நடுவில் நிற்க வேண்டும். நோயாளியைக் கவனிக்க வாங்கிய பொருளை நோயாளியைப் போலக் கவனிக்கிறேன்.

மின்வெட்டு பற்றி ஒரு வார்த்தை. குழாய்கள் இரண்டையும் பம்பிலிருந்து பிடுங்கி மடித்துக் கட்டிவிட்டால் காற்று சட்டென்று இறங்காது. அப்பாவுக்கு அந்த உறுமல் பழகிப்போய்விட்டது, நின்றால்தான் விழித்துக்கொள்கிறார். "ஏம்மா, மெத்தை செத்துப்போச்சு" என்று குரல் கொடுப்பார். ஆரம்பத்தில் அடியில் ஏதோ ஊர்கிறது என்று படுக்கவே மறுத்தவர் அவர்.

ஓட்டை விழுந்தால் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுவதை எடுத்துக்கொண்டு வராதீர்கள், மெத்தையின் பி.வி.சி. பிளாஸ்டிக்கில் அது நிற்காது. பெட்டியோடு வரும் ஒட்டையும் பசையையும் பத்திரமாக வையுங்கள். விரிப்பு ஒன்றே ஒன்று போதும், அதுவும் தளர்வாக. மடித்த போர்வை, ரப்பர் விரிப்பு, பஞ்சு விரிப்பு என்று அன்பு மிகுதியால் அடுக்கிக்கொண்டே போனால் அடியில் குமிழ்கள் என்ன செய்தாலும் உடம்புக்கு வந்து சேராது. எங்கள் வீட்டுக்கு நலம் விசாரிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரு போர்வையோடு வருகிறார்கள். மற்றப் பாதிப்பேர் நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணையைச் சிபாரிசு செய்கிறார்கள். அந்த வளையம் தன் விளிம்பைச் சுற்றியுள்ள தோலை அழுத்தி இரத்த ஓட்டத்தைக் கெடுக்கும் என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது.

மெத்தையால் முடியாதவையும் உண்டு. குதிகாலை அது காப்பாற்றாது. கெண்டைக்கால் நெடுக ஒரு தலையணை கொடுத்துக் குதிகாலை அந்தரத்தில் நிற்க வைக்க வேண்டும். தலைப்பக்கத்தை 30 பாகைக்கு மேல் நெடுநேரம் உயர்த்தி வைத்தால் உடம்பு கீழே வழுக்கும், தோல் விரிப்போடு ஒட்டி நிற்கும், உள்ளே எலும்பு நகரும். அந்த இழுவிசைக்கு எந்தக் காற்றும் மருந்தாகாது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது என்ற பழைய கணக்கை, தோலின் நிலையைப் பார்த்து மருத்துவர் கொஞ்சம் தளர்த்தலாம். புரட்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டார். கடைக்காரர் சொல்வார்.

இவ்வளவும் படித்துவிட்டு, நல்ல பொருள்தான் போலிருக்கிறதே என்று நீ நினைக்கலாம். அப்பாவின் முதுகைக் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லும். என்னைக் கேட்டால், அந்தப் பச்சை விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. வாங்காதே என்பதுதான் இன்றைக்கு என் பதில். மாமியார் தாமாகப் புரள முடியாதவர் என்றால் என் பதிலைப் பொருட்படுத்தாமல் வாங்கு. மாற்று பம்ப் தனியாகக் கிடைக்கும் மாதிரியாகப் பார்த்து, பம்பை மட்டும் இரண்டாக எடு. என்னிடம் இருக்கும் உபரி பம்பைக் கேட்காதே, தர மாட்டேன்.