பி9 குட்டி மேசை: ஒன்பது வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

பெர்லினில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் இதை வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. மார்செல் பிராயர் என்ற வடிவமைப்பாளர் 1925–26 வாக்கில் எஃகுக் குழாயை வளைத்து, மேலே பலகை வைத்து வடிவமைத்த பி9. என்னுடையது தோனெட் நிறுவனம் 1930களின் தொடக்கத்தில் செய்தது. 45, 50, 55, 60 செ.மீ. என நாலு உயரங்களில், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துகொள்ளும் வரிசை இது. என்னிடம் பெரியது மட்டும்தான் இருக்கிறது.

பிராயருக்குத் தன் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பார்த்துத்தான் எஃகுக் குழாயில் நாற்காலி செய்யும் யோசனை வந்தது. ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரில், அவர் பாடம் நடத்திய பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியின் கட்டடம் 1926 டிசம்பரில் திறந்தபோது, அதன் உணவுக்கூடத்தில் மாணவர்கள் உட்கார்ந்தது இதே வடிவ ஸ்டூல்களில்தான்.

குழாயின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். தரையில் கிடக்கும் குழாய் மேலேறி, பலகையின் விளிம்போடு போய், இறங்கி, எதிர்ப்பக்கத் தரையைத் தொட்டு, மறுபடி ஏறி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்கிறது. தனியாகக் கால் என்று ஒன்றும் கிடையாது. ஒரு கையால் இழுத்தால் போதும், மரத்தரையில் வழுக்கிக்கொண்டு வரும், கார்பெட்டிலும் இடறாது. சோபா பக்கத்தில் காபி, புத்தகம் வைக்க, விருந்தாளி வந்தால் உட்கார, எல்லாவற்றுக்கும் இதுதான். மடிக்கணினி வைத்துத் தட்டினால் மட்டும் லேசாக அதிரும்.

குறைகளும் உண்டு. குளிர்காலத்தில் இங்கே நடைபாதை வழுக்காமலிருக்கச் சிறுகற்கள் தூவுவார்கள். செருப்போடு உள்ளே வரும் அந்தக் கல் குழாயின் அடியில் மாட்டிக்கொண்டால் தரையிலும் கீறல், முலாமிலும் கீறல். பலகையின் கறுப்புப் பூச்சு சூட்டைத் தாங்காது. முதல் மாதமே நான் வைத்த காபி டம்ளரின் வெள்ளை வளையம் இன்னும் இருக்கிறது. தட்டில்லாமல் எதையும் வைக்காதீர்கள்.

முலாம் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இது நிக்கல். குரோமியம் போல நீலமாகப் பளிச்சிடாது. சற்று மஞ்சள் கலந்த, மங்கலான ஒளி. வளைவுகளில் துருப்புள்ளிகள் வந்தபோது, மறுமுலாம் பூசித் தருவதாக ஒருவர் சொன்னார். மறுத்தேன், நல்லவேளை. பழைய தோலை உரித்துவிட்டால் அப்புறம் மிஞ்சுவது வெறும் குழாய்தான். வருஷத்துக்கு இரண்டு முறை மென்துணியில் மெழுகு தேய்க்கிறேன், புள்ளி பரவவில்லை.

வாங்கப் போகிறவர்கள் பலகையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். எல்லாம் அசல் என்றுதான் எனக்கு விற்றார்கள். வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு திருகுகளின் தலையில் கூட்டல் குறி! அந்த வகைத் திருகுக்குக் காப்புரிமையே 1930களின் நடுவில்தான் கிடைத்தது. பழைய திருகில் ஒற்றைக் கோடுதான் இருக்கும். பின்னால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். முன்பே தெரிந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டிருப்பேன்.

இப்போது இதன் அடியில் நுழைய 55 செ.மீ. ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவும் நிக்கலில்தான் வேண்டும்.