ரோசன்போர்க்கா, போடோ கிளிம்ட்டா? நார்வே கால்பந்தின் இரு உச்சங்கள்

நார்வேயின் பெரிய கால்பந்து கிளப் எது என்று 2004இல் யாரைக் கேட்டிருந்தாலும் ஒரே பதில்தான் வந்திருக்கும். அந்த ஆண்டு ரோசன்போர்க் தொடர்ந்து 13ஆவது முறையாக லீக்கை வென்றது. வோலரெங்காவும் அதே 48 புள்ளிகள், கோல் வித்தியாசமும் அதே. கூடுதலாக அடித்த கோல்கள்தான் பட்டத்தை முடிவு செய்தன. மறு ஆண்டே ரோசன்போர்க் 7ஆம் இடத்துக்குச் சரிந்தது. அதே 2005இல் போடோ கிளிம்ட் உச்ச டிவிஷனிலிருந்தே கீழே இறங்கியது.

இன்று நிலைமை தலைகீழ். ரோசன்போர்க் கடைசியாகப் பட்டம் வென்றது 2018இல். 2020 முதல் 2025 வரையிலான ஆறு சீசன்களில் கிளிம்ட் நான்கு முறை சாம்பியன், இரண்டு முறை இரண்டாம் இடம். ஆகவே எது பெரியது என்ற விவாதம் நியாயமானதுதான். ஆனால் கோப்பைகளை மட்டும் எண்ணினால் விவாதம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்: ரோசன்போர்க்கிடம் 26 லீக் பட்டங்கள், 12 நார்வே கோப்பைகள், கிளிம்ட்டிடம் 4 லீக் பட்டங்கள், 2 கோப்பைகள். அந்தக் கணக்கு இரு கிளப்களும் எங்கிருந்து புறப்பட்டன என்பதைச் சொல்லாது.

புறப்பட்ட இடம்

ரோசன்போர்க் 1917இல் ட்ரோன்ஹெய்மில் பிறந்தது. முதலில் ஓட் என்று பெயர். ரோசன்போர்க் ஆனது 1928இல். முதல் லீக் பட்டம் 1967. லெர்கெண்டால் ஸ்டேடியத்தில் 1985இல் லில்லெஸ்ட்ரோமுக்கு எதிரான பட்டப் போட்டியைப் பார்க்க 28,569 பேர் வந்தார்கள். போடோவின் ஆஸ்ப்மிரா மைதானத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கொள்ளாது.

கிளிம்ட் ஒரு வருடம் மூத்தது, 1916. ஊர் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருக்கிறது. ட்ரோன்ஹெய்மிலிருந்து ரயிலில் 729 கிலோமீட்டர், ஏறக்குறைய பத்து மணி நேரம். தூரத்தைவிடப் பெரிய தடை விதிமுறைதான். 1972 வரை வட நார்வே அணி எதுவும் முதல் டிவிஷனில் ஆட முடியாது. கதவு திறந்த பிறகும் வடக்கு அணிகள் மேலே வரத் தகுதிச் சுற்றில் தனியாகப் போராட வேண்டியிருந்தது. 1975இல் நார்வே கோப்பையையே வென்ற கிளிம்ட், முதல் டிவிஷனில் கால் வைத்தது 1977இல்தான். வந்த முதல் சீசனிலேயே இரண்டாம் இடம். அந்த அணிக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அரை நூற்றாண்டை அவர்களிடமிருந்து பறித்தது விதிமுறை. பட்டங்களின் எண்ணிக்கையை ஒப்பிடும்போது இதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நேர்மையாகாது.

ஆட்டமுறை

ரோசன்போர்க் என்றால் அதன் பயிற்சியாளர் நில்ஸ் ஆர்னே எக்கன். அவருடைய கோட்பாட்டின் பெயர் ‘கூட்ஃபோட்’, அதாவது நல்ல கால். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு பலம் உண்டு. பந்தைக் கொடுப்பவர் அந்தப் பலத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். மைதானத்தின் ஓரத்தில் ஓடி, இடது காலால் அடிக்கும் விங்கருக்குப் பந்து வலது காலில் வந்தால் அவர் அதை நிறுத்தி, உடலைத் திருப்பி, மறு காலுக்கு மாற்ற வேண்டும். அதற்குள் எதிரணி டிஃபெண்டர் தன் இடத்துக்கு வந்துவிடுவார். இடது காலுக்கு முன்னால், ஓட்டத்தின் பாதையில் விழுந்தால் முதல் தொடுதலிலேயே கோல் முன்னால் கிராஸ் போய்விடும். தவறு நடந்தால் எக்கன் முதலில் பார்த்தது பந்தைக் கொடுத்தவரைத்தான். 4-3-3 அமைப்பு (பின்னால் நால்வர், நடுவில் மூவர், முன்னால் மூவர்), பந்து எப்போதும் முன்னோக்கி, நடுக்களத்திலிருந்து ஒருவர் கூடுதலாக உள்ளே ஓடுவது என்று மற்றதெல்லாம் இந்தக் கருத்திலிருந்தே கிளைத்தது.

இதன் பலவீனமும் இதற்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரின் பழக்கத்தை அறிய வருடக்கணக்கில் சேர்ந்து ஆட வேண்டும். ரோசன்போர்க்குக்காகவே 16 லீக் பட்டங்கள் வென்ற ரோர் ஸ்ட்ராண்ட் போன்றவர்கள் இருந்தவரை அது ஓடியது. அந்தத் தலைமுறை ஓய்வு பெற்றபோது, வெளியிலிருந்து வாங்கி வந்தவர்களுக்கு அந்த மொழியைக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

கிளிம்ட்டும் 4-3-3தான். ஷெத்தில் க்னுட்சன் 2017இல் உதவிப் பயிற்சியாளராக வந்து 2018இல் தலைமை ஏற்றார். பந்தை இழந்த நொடியே பக்கத்தில் இருப்பவர் பாய வேண்டும். முன்வரிசை மூவரும் எதிரணியின் பின்வரிசையை மூச்சுவிட விடக் கூடாது. அவர்களுக்குப் பின்னால் மொத்த அணியும் மேலேறி நிற்கும். 2020இல் 30 ஆட்டங்களில் 103 கோல், 81 புள்ளிகள், ஒரே ஒரு தோல்வி. வட நார்வேக்கு வந்த முதல் லீக் பட்டம் அது.

இந்த ஆட்டத்தில் தவறுகள் நிறைய நடக்கும். ஏறி நிற்கும் அணிக்குப் பின்னால் எப்போதும் காலி இடம் உண்டு. கோல் வாங்கிய பிறகு பயந்து பின்வாங்கினால் முறையே உடைந்துவிடும். அதற்காகத்தான் முன்னாள் போர் விமான ஓட்டி பியோர்ன் மான்ஸ்வெர்க்கை மனநலப் பயிற்சிக்கு வைத்திருக்கிறார்கள். கோல் விழுந்ததும் கிளிம்ட் ஆட்டக்காரர்கள் மைதானத்தில் வட்டமாகக் கூடுவதைக் கவனித்திருப்பீர்கள். என்ன நடந்தது, அடுத்து என்ன என்று அங்கேயே பேசி முடித்துவிட்டுக் கலைவார்கள். என் பார்வையில் இது எந்த உத்தியைவிடவும் முக்கியமானது.

ஐரோப்பா

ரோசன்போர்க் 1995 முதல் தொடர்ந்து எட்டு சீசன்கள், ஐரோப்பிய கிளப்களின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீகின் குரூப் சுற்றில் ஆடியது. அதில் 1996 டிசம்பர் 4 தனி ரகம். தன் சொந்த மைதானமான சான் சிரோவில் ஏசி மிலானுக்கு டிரா போதும். ரோசன்போர்க் வென்றே தீர வேண்டும். ஹரால்ட் பிராட்பாக் முதல் கோலை அடித்தார், இடைவேளைக்குச் சற்று முன் மிலானின் டுகாரி சமன் செய்தார், இரண்டாம் பாதியில் வேகார்ட் ஹெக்கெம் அடித்தது வெற்றி கோல். 2-1. மொத்தம் 16 அணிகளே ஆடிய காலம் அது. அங்கிருந்து காலிறுதி என்பது இன்றைய 36 அணிப் போட்டியை வைத்து அளக்கக் கூடியதல்ல.

காலிறுதியில் யுவென்டஸிடம் 1-1, 0-2. அந்த ஆட்டங்கள் நடந்தது மார்ச் மாதம். நார்வே லீக் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடிகிறது. குளிர்காலத்தில் லீக் ஆட்டமே கிடையாது. எதிரணி சீசனின் உச்சத்தில் இருக்கும்போது நார்வே அணி பயிற்சி ஆட்டங்களிலிருந்து நேராக வந்து இறங்கும். இன்றுவரை இந்தச் சிக்கல் தீரவில்லை.

கிளிம்ட்டின் பட்டியலும் சாதாரணமில்லை. 2021 அக்டோபரில் பயிற்சியாளர் மொரீனியோவின் ரோமாவை 6-1 என்று வென்றது. 2025 ஏப்ரலில் லாசியோவைப் பெனால்டி ஷூட்-அவுட்டில் வீழ்த்தி ஐரோப்பிய அரையிறுதியை எட்டிய முதல் நார்வே கிளப் ஆனது. 2026 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டியை 3-1. போடோவின் செயற்கைப் புல்லும் குளிரும்தான் காரணம் என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். உதவுகின்றன, உண்மை. ஆனால் அதே செயற்கைப் புல்லில்தான் டாட்டனம் 2025 அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தை 2-0 என்று வென்றது. அந்த அரையிறுதியில் கிளிம்ட்டை வீழ்த்தியதில் ஆள் பற்றாக்குறைக்கும் பங்கு உண்டு: லண்டனில் நடந்த முதல் ஆட்டத்தில் கேப்டன் பாட்ரிக் பெர்க்கும் ஹோகோன் எவ்யெனும் தடையில் இருந்தார்கள்.

பணமும் ஆட்களும்

இரண்டுமே உறுப்பினர்களுக்குச் சொந்தமான கிளப்கள். சாம்பியன்ஸ் லீக் பணம் ரோசன்போர்க்கின் கைக்கு வந்த பிறகு நாட்டின் நல்ல ஆட்டக்காரர்கள் ட்ரோன்ஹெய்முக்குப் போனார்கள். போட்டி அணிகள் அதனாலேயே மெலிந்தன. மிலானில் கோல் அடித்த பிராட்பாக்கும் கிளிம்ட்டில் ஆடிவிட்டு வந்தவர்தான். கிளிம்ட் விற்று வளர்ந்தது: யென்ஸ் பெட்டர் ஹேகெ 2020இல் மிலானுக்கு எதிராக சான் சிரோவில் கோல் அடித்து, அந்த மிலானுக்கே விற்கப்பட்டார். 2024இல் திரும்பி வந்தார். விற்றவர்களை மறுபடி அழைத்துக்கொள்வது கிளிம்ட்டின் புத்திசாலித்தனமான பழக்கம், ஏனென்றால் அவர்களுக்கு முறையைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆதிக்கத்தின் நீளத்தில் ரோசன்போர்க்கை யாரும் நெருங்கவில்லை, நெருங்குவதும் கடினம். எக்கன் ஓய்வெடுத்த 1998இல் ட்ரோண்ட் சோல்லியட் தலைமையிலும் பட்டம் வந்தது. க்னுட்சன் இல்லாத கிளிம்ட் அந்தச் சோதனையை இன்னும் எழுதவில்லை. ஆனால் எட்டிய உயரத்தையும் ஏறத் தொடங்கிய பள்ளத்தையும் சேர்த்து அளந்தால் என் ஓட்டு கிளிம்ட்டுக்கு.

பெர்க் குடும்பத்தைப் பாருங்கள். தாத்தா ஹரால்ட் பெர்க் 1975இல் கோப்பை வென்ற கிளிம்ட் அணியில் ஆடினார். மகன் ஓர்யன் கிளிம்ட்டில் வளர்ந்தவர். சாம்பியன்ஸ் லீகில் ஆடியது ரோசன்போர்க்கின் வெள்ளைச் சட்டையில். பேரன் பாட்ரிக் 2022 ஜனவரியில் பிரான்சின் லான்ஸுக்குப் போய், அதே கோடையில் போடோவுக்குத் திரும்பிவிட்டார். அவர் சாம்பியன்ஸ் லீகில் ஆடுவது கிளிம்ட்டின் மஞ்சள் சட்டையில்.