ஆர்க்கைவ்: காசு வாங்காத ஆய்வுக் கிடங்கு – காரைக்குடியிலிருந்து ஒரு விமர்சனம்

ஓட்டலுக்கும் மிக்சிக்கும் விமர்சனம் எழுதுகிறார்கள். நான் தினமும் புழங்குவது இந்தத் தளத்தில்தான், அதனால் இதைப் பற்றி எழுதுகிறேன். காரைக்குடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவன். புத்தகத்தில் இல்லாததைக் கேட்கும் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் எப்போதும் உண்டு. அவர்களுக்காக ஆர்க்கைவ் பக்கம் போக ஆரம்பித்து, இப்போது எனக்காகவே போகிறேன்.

கணிதம், இயற்பியல் ஆராய்ச்சி செய்பவர்கள் தங்கள் கட்டுரை ஆய்விதழில் அச்சாகும் முன்பே இங்கே போட்டுவிடுகிறார்கள். 1991-இல் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தொடங்கினார். 2001-இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. படிக்கக் கணக்கு திறக்க வேண்டாம், காசு வேண்டாம். ஒரே ஒரு கட்டுரைக்கு 30 டாலருக்கு மேல் கேட்கும் இதழ்கள் இருக்கிற உலகில் இது பெரிய விஷயம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 8 மணிக்குப் புதுப் பட்டியல் வரும். நமக்கு அது கோடையில் காலை 5.30, குளிர்காலத்தில் 6.30. டிகாஷன் இறங்குவதற்குள் தலைப்புகளை ஒரு ஓட்டம் ஓட்டிவிடலாம்.

கணிதத்துக்கு என் மதிப்பெண் முழுசாக ஐந்து. காரணம் ஒரு தரைக்கல். 2023 மார்ச்சில் 'தொப்பி' என்ற, 13 விளிம்புகள் கொண்ட வடிவம் இங்கே வந்தது. அந்த ஒரே வடிவத்தால் தரை முழுக்க இடைவெளியில்லாமல் பாவலாம். ஆனால் அமைப்பு சீராகத் திரும்பத் திரும்ப வரவே வராது. கண்டுபிடித்தவர் டேவிட் ஸ்மித், இங்கிலாந்தில் அச்சுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். காகிதத்தில் வெட்டி அடுக்கிப் பார்த்தவருக்கு மூன்று ஆய்வாளர்கள் துணை சேர்ந்து அதை நிரூபித்தார்கள். கட்டுரையில் படங்கள் நிறைய. கணக்கு புரியாவிட்டாலும் படத்தைப் பார்த்தே பாதி தூரம் போகலாம்.

அந்தப் படத்தை ஆத்தங்குடியில் கல் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இதுல சில கல்லு கவுந்த மாதிரி இருக்கே?" சரியான கண். தொப்பியில் சுமார் எட்டுக் கல்லுக்கு ஒன்று கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறி வர வேண்டும். ஆத்தங்குடிக் கல்லில் அது நடக்காது. கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த மணல் சிமென்ட் தூவி, அப்புறம் ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டுகிறார்கள். கண்ணாடியைத் தொட்ட பக்கத்துக்குத்தான் பளபளப்பு. கவிழ்த்தால் வெறும் சிமென்ட் முதுகு. "ரெண்டு அச்சு செய்யணும், கூலி கூடும்" என்றார்.

இதே குறை ஸ்மித் குழுவுக்கும் உறுத்தியிருக்கிறது. மே மாதமே இரண்டாவது கட்டுரை போட்டுவிட்டார்கள். அதில் 14 சம பக்கங்கள் கொண்ட வடிவம் ஒன்று வருகிறது. கவிழ்க்காமல் சுழற்றியும் நகர்த்தியும் மட்டுமே பாவினால் அது ஒருபோதும் சீராகத் திரும்பாது. கவிழ்த்தால் அந்தக் குணம் போய்விடும் என்பதால் பக்கங்களை வளைத்து, 'ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்தார்கள். நம் ஊர்க் கல்லுக்கு அந்த வளைவுகூடத் தேவையில்லை, அதைத்தான் யாரும் கவிழ்க்க முடியாதே! அண்ணன் ஒரு அச்சுக்கு விலை சொல்லியிருக்கிறார், பேரம் நடக்கிறது.

இயற்பியலுக்கு மூன்றரை. இங்கே ஆட்கள் மேலோட்டமாகச் சரிபார்ப்பார்கள், ஆனால் ஆய்விதழ் போல நிபுணர்களைக் கொண்டு பரிசோதிப்பதில்லை. 2023 ஜூலையில் எல்.கே.-99 என்று கொரியாவிலிருந்து ஒரு கட்டுரை: சாதாரண அழுத்தத்தில், அறை வெப்பநிலையில் மீக்கடத்தி, அதாவது மின்தடையே இல்லாத பொருள், கிடைத்துவிட்டதாம். என் மாணவர்கள் வாட்ஸ்அப்பில் துள்ளிக் குதித்தார்கள். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல இடங்களில் செய்து பார்த்து, இல்லை என்று அதே தளத்தில் போட்டார்கள். கலந்திருந்த தாமிர சல்ஃபைடு சுமார் 104 டிகிரி செல்சியஸில் கட்டமைப்பு மாறுவதுதான் மின்தடை சட்டென்று விழுந்த மர்மம். மறுப்பும் அதே இடத்தில், அதே வேகத்தில், இலவசமாகக் கிடைத்தது. அதற்காகத்தான் அந்த மூன்றரை.

பருவநிலைக்கு வந்தால், பாதி சமாச்சாரம் வேறு தளங்களில் சிதறிக் கிடக்கிறது. 2022 டிசம்பரில் வந்த கிராஃப்காஸ்ட் கட்டுரையை மட்டும் சொல்கிறேன். பழைய வானிலைப் பதிவுகளைப் பார்த்துப் பழகிய நிரல், 10 நாள் கணிப்பை ஒரு நிமிடத்துக்குள் தருகிறது. பூமியை அது பிரித்துப் பார்க்கும் கட்டம் ஒவ்வொன்றும் கால் டிகிரி, அதாவது ஏறக்குறைய 28 கிலோமீட்டர். காரைக்குடியும் தேவகோட்டையும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடிய அளவு அது. ஊருணி நிரம்புமா என்று இதைக் கேட்காதீர்கள்.

மருத்துவத்துக்கு இது கடையே இல்லை. அதற்கு 2019-இல் தொடங்கிய மெட்ஆர்க்கைவ் தனியாக இருக்கிறது. சிகிச்சைக்கு இதை வழிகாட்டியாகக் கொள்ளாதீர்கள் என்று அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். அந்த வரியைப் படிக்காமல் கீழே போகாதீர்கள். 2020 ஜூனில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தின் ஆய்வு அங்கேதான் முதலில் முழுசாக வந்தது. வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகச் சொன்னது, அது நிலைத்தது. கோவிட்டுக்கு ஐவர்மெக்டின் மருந்து உதவும் என்று வேறொரு தளத்தில் வந்த எகிப்தியக் கட்டுரை 2021 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி பி.டி.எஃப். தான். ஆச்சிக்கு மாத்திரை மாற்ற நினைத்தால் டாக்டரிடம் போங்கள்.

கிட்டத்தட்ட எல்லாமே ஆங்கிலம்தான், சுருக்கம்கூட அந்தத் துறைக்காரர்களுக்கு மட்டும் புரிகிற பாஷையில் இருக்கும். 2023 கடைசியிலிருந்து பல கட்டுரைகளுக்குப் பி.டி.எஃப். பக்கத்திலேயே எச்.டி.எம்.எல். என்றும் ஒரு தொடுப்பு வருகிறது. போனில் படிப்பவர்கள் அதை அழுத்துங்கள், எழுத்து திரைக்கு ஏற்ப மடங்கிக்கொள்ளும்.