“விமான நிலைய ரயில் இன்று ஓடாது” என்பவரிடம் எச்சரிக்கை

சென்ற மாதம் ஒரு பெருநகரத்தின் மத்திய ரயில் நிலையத்தில் எனக்கு நேர்ந்ததை, பொதுப் போக்குவரத்தை நம்பி விமான நிலையத்திற்குப் புறப்படும் பயணிகளின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். காலை 9.45 மணி விமானத்திற்கு நான் 6.30 மணிக்கே ரயில் நிலையத்தில் இருந்தேன்; நேரடி ரயில் உண்டு, நாற்பது நிமிடப் பயணம் என்பதையும் முந்தைய இரவே பார்த்து வைத்திருந்தேன். எனவே அவசரத்தில் ஏமாந்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

டிக்கெட் இயந்திரத்தின் முன் நின்றபோது, ஒளிரும் மேலங்கியும் கழுத்தில் அடையாள அட்டையும் அணிந்த ஒருவர் என் பெட்டியைப் பார்த்துக்கொண்டே அருகில் வந்து, தண்டவாளப் பராமரிப்பு நடப்பதால் ரயில் இல்லை என்றும் மாற்று வண்டி வெளியே நிற்கிறது என்றும் சொன்னார். நான் தயங்கியதைக் கண்டு, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு ஒன்றைக் கைவைத்துக் காட்டினார். அது ரயில் நிர்வாகத்தின் உண்மையான அறிவிப்பே. விமான நிலையத் தடத்தின் பெயரும் அதில் இருந்தது. அப்போது கைப்பேசியில் எடுத்த படத்தைப் பின்னர் பெரிதாக்கிப் பார்த்தேன்: தேதி அச்சாகியிருந்த கீழ் ஓரத்தை அவருடைய கட்டைவிரல் மறைத்திருக்கிறது. அந்தப் பராமரிப்புப் பணி அதற்கு முந்தைய வாரமே முடிந்துவிட்டதாம்.

ரயில் கட்டணத்தைப்போல் ஐந்து மடங்கு ரொக்கமாக வாங்கிக்கொண்டு, விமானப் படம் போட்ட சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். இருக்கைகள் நிரம்பும்வரை வேன் நகரவில்லை, 7.25க்குப் புறப்பட்டு, நெரிசலில் ஊர்ந்து, கடைசியில் என்னுடையதல்லாத வேறொரு முனையத்தின் வாசலில் எங்கள் அனைவரையும் இறக்கிவிட்டது. முனையங்களுக்கிடையே ஓடும் பேருந்தைப் பிடித்து நான் கவுண்ட்டரை அடைந்தபோது மணி 8.52. பன்னாட்டு விமானங்களுக்குப் பல நிறுவனங்கள் புறப்பாட்டிற்கு 60 நிமிடங்களுக்கு முன்பே பெட்டி வாங்குவதை நிறுத்திவிடுகின்றன. ஏழு நிமிடத் தாமதத்திற்கு அங்கே இரக்கம் காட்ட எவருக்கும் அதிகாரமில்லை. வேன் பயணமும் விமானப் பயணமும் தனித்தனியே வாங்கியவை என்பதால், விமான நிறுவனத்திடம் மாற்றுப் பயணம் கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை. முதல் விமானத்தில் ஏறாவிட்டால் அதே முன்பதிவிலுள்ள திரும்பும் பயணத்தையும் ரத்து செய்யும் விதி பல நிறுவனங்களில் உண்டு என்பதை அங்கேதான் கற்றேன். கவுண்ட்டரை விட்டு நகர்வதற்கு முன் அதைக் காப்பாற்றும்படி கேட்டதுதான் அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

ரயில் உண்மையிலேயே நின்றால், நிர்வாகம் விடும் மாற்றுப் பேருந்தில் வழக்கமாக ரயில் டிக்கெட்டே செல்லும். வாசலில் நின்று எவரும் கையில் பணம் வாங்க மாட்டார்கள். இந்த ஒன்றை நினைவில் வைத்திருந்தால் போதுமாயிருந்திருக்கும். நடைமேடையின் மின்பலகையை நிமிர்ந்து பார்த்திருந்தாலும் போதும். அது இருபது அடி தூரத்தில்தான் இருந்தது.

முனையத்தின் எண்ணையும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். ஒழுங்காக ரயிலில் சென்றாலும் இதில் சறுக்கலாம். லண்டன் ஹீத்ரோவுக்கு 1977 முதல் செல்லும் பிக்காடில்லி தடத்திலேயே, 4ஆம் முனையத்திற்கும் 5ஆம் முனையத்திற்கும் வெவ்வேறு ரயில்கள் பிரிந்து போகின்றன. விமான நிலையத்தின் பெயரிலுள்ள நகரமும் சில வேளைகளில் ஏமாற்றும்: ஃபிராங்க்ஃபர்ட்–ஹான் விமான நிலையம் ஃபிராங்க்ஃபர்ட் நகரிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

திரும்பி வந்தபின் ரயில் நிலையத்தின் புகார் அலுவலகத்திற்குச் சென்றேன். அந்த மனிதர் தங்கள் ஊழியர் அல்லர் என்று முதலிலேயே கைவிரித்துவிட்ட அலுவலர், சீட்டின் வரிசை எண்ணைப் படிக்கச் சொன்னார். நான் முதல் மூன்று இலக்கங்களைப் படித்ததும், மீதி இலக்கங்களை அவரே சொல்லி முடித்தார். அதே எண் அச்சிட்ட சீட்டுகள் ஒரு கோப்பு நிறைய அவரிடம் இருந்தன.