கேலக்ஸி ஜூவா, ஈபேர்டா? லீவில் பிள்ளைக்கு எது சரி

கேலக்ஸி ஜூ, விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பொதுமக்கள் வகைப்படுத்தும் இணையத் திட்டம். ஈபேர்ட், பார்த்த பறவைகளைப் பதியும் இணையத் தளம். பிள்ளை நிஜ ஆராய்ச்சியில் பங்கெடுக்க வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தயங்குகிறார்கள். இரண்டும் இலவசம்.

என்ன வேண்டும்?
கேலக்ஸி ஜூ: கணினி, இணையம். கணக்கு தொடங்காமலே ஆரம்பிக்கலாம்.
ஈபேர்ட்: போன், நோட்டு, ஒரு மரத்தடி. பைனாகுலர் கட்டாயமில்லை.

வேலை எப்படி?
கேலக்ஸி ஜூ: படத்தில் இருக்கும் விண்மீன் மண்டலம் வழவழப்பாக இருக்கிறதா, சுருள் கைகள் தெரிகின்றனவா என்று பதில் சொல்ல வேண்டும். ஒரே படத்தைப் பலர் பார்ப்பதால் ஒருவர் தவறினாலும் முடிவு கெடாது.
ஈபேர்ட்: உதாரணமாக 15 நிமிடம் நின்று பறவைகளை எண்ணிப் பதிய வேண்டும். கஷ்டம் இங்கேதான். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒவ்வொன்றாகப் புதருக்குள் நுழையும், மறுபக்கம் வெளியே வரும். ஆறா, ஏழா? மறுபடி எண்ண வேண்டும். வழக்கத்துக்கு மாறாக எதையாவது பதிந்தால், சரிபார்க்கும் தன்னார்வலர் விளக்கம் கேட்கலாம். அதற்குப் பதில் சொல்லப் பழகும் பிள்ளை ஆதாரத்தோடு பேசப் பழகுகிறது.

என்ன கிடைக்கும்?
கேலக்ஸி ஜூ: கண்டுபிடிக்கும் வாய்ப்பு. 2007இல் அங்கே விசித்திரமான வாயுத்திரள் ஒன்றை முதலில் கவனித்தவர் ஹன்னி வான் ஆர்கல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை.
ஈபேர்ட்: பிள்ளையின் சொந்தத் தரவு. தரவிறக்கி வரைபடம் போடலாம்.

வெளியே போக வழியில்லை, வானியலில் ஆசை என்றால் கேலக்ஸி ஜூ. பள்ளி அறிவியல் ப்ராஜெக்டுக்கு நான் ஈபேர்டைத்தான் சொல்வேன். தமிழ்நாட்டில் இருந்தால் ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்போடு தொடங்குங்கள்.